பெட்டி பெட்டியாகத் தெரிந்த தமிழ்

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பதுளை பஸாரில் முதல் அண்ட்ரொய்ட் போன் வாங்கியவர்களுக்கு இது மறந்திருக்காது. ஃபேஸ்புக்கைத் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டிகள். யுனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. அண்ட்ரொய்டோடு தமிழ் எழுத்துரு வந்ததோ 2011 இன் கடைசியில், 4.0 பதிப்பில். பசறை, நமுனுகுல பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்தவை அதற்கும் பழைய போன்கள்.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது ஒபெரா மினி. முகவரிப் பட்டையில் 'ஒபெரா:கொன்பிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, கடைசி வரியில் 'யெஸ்' கொடுத்தால், எங்கோ தூரத்திலுள்ள சேர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். சொந்தத் தாய்மொழியைப் படம் பார்ப்பது போலப் பார்த்தோம்!

எழுத்துரு ஒரு சின்னக் கோப்புதானே, கொப்பி பண்ணிப் போட்டால் என்ன? போட முடியாது. அதை வைக்கும் இடம் பூட்டியிருக்கும். போனை 'ரூட்' பண்ணித்தான் திறக்க வேண்டும், வொரண்டி போய்விடும். அப்படியே போட்டாலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால் உள்ளே இருக்கும் மென்பொருளையே மாற்ற வேண்டும்.

அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். 2009 இல் தொடங்கிய சயனோஜென்மொட், கம்பனி கைவிட்ட போன்களுக்குப் புதிய அண்ட்ரொய்ட் கொடுத்தது. 2016 இல் அது நின்றதும் லினியேஜ் ஓஎஸ் தொடர்ந்தது. போனைத் திறப்பது குற்றமில்லை என்ற விதிவிலக்கு அமெரிக்காவிலேயே 2010 ஜூலையில்தான் கிடைத்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு விதிவிலக்கு! கம்பனிகள் பாதுகாப்பைக் காரணம் காட்டுகின்றன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புதுப்பிப்பை நிறுத்திய பிறகும் பூட்டு எதற்கு?

2020 பெப்ரவரி 1 ஆம் திகதி வட்ஸ்அப், அண்ட்ரொய்ட் 2.3.7 உம் அதற்கு முந்தியதும் உள்ள போன்களைக் கைவிட்டது. மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்களை நாங்கள் வட்ஸ்அப்பில்தான் அனுப்பினோம். திரை உடையாத, பற்றரி நன்றாக இருந்த போன்கள் லயங்களில் சும்மா கிடந்தன. சில பிள்ளைகளுக்கு மாமாவின் போன் கிடைத்தது. மற்றவர்கள் பக்கத்து லயத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினார்கள்.