தொம்மலூர்க் கல்வெட்டும் நம் பிள்ளைகளின் சோறும்

அரிசி எங்கிருந்து வருகிறது என்று இந்நகரில் வளரும் பிள்ளையைக் கேட்டால், "கடையிலிருந்து" என்னும். நகைத்துப் பயனில்லை; வயலைக் காணாத கண்ணுக்குக் கடைதானே தெரியும்? ஆயினும் அக்கேள்விக்குரிய பாடம் ஒன்று நம் தொம்மலூரிலேயே எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் இருக்கிறது.

சொக்கநாதசுவாமி கோயில் சோழர் காலத்தது. பெயர் கேட்டு மதுரைச் சிவபெருமானை எண்ணிச் செல்வோர் உள்ளே திருமாலைக் கண்டு வியப்பர். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்றும், ஊரைத் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் கூறும். போசள வீர இராமநாதனின் சாசனமும் அவற்றுள் உண்டு. ஒரு கல்வெட்டில் கணவனும் மனைவியுமாக ஜலப்பள்ளி என்னும் ஊரிலும் விண்ணமங்கலம் ஏரியிலும் நிலம் வழங்குகின்றனர். பின்னர் விசயநகரத்து இரண்டாம் தேவராயர் காலத்துச் சாசனம் வீடு, கிணறு, நிலம் என்று வரிசையாகக் கூறுகிறது. கோயிலுக்கு நிலம் விட்டோர் பெரிதும் கருதியவை திருவமுதும் திருவிளக்குமே. இறைவன் முன் வைக்கும் ஒரு பிடி சோற்றுக்கும் நிலம் இன்னது, நீர் இன்னது என்று எழுதிவைத்தனர். பிள்ளைகளை அக்கல்லின் முன் நிறுத்தி, ஏரி என்ற சொல்லை அவர்களையே தேடச் செய்தல் வேண்டும். தம் மொழியெழுத்து இங்குப் பழமையானது என்பதும் உடன் விளங்கும்.

ஏரியும் கிணறும் ஊட்டிய இந்நகருக்கு 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது, 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர், 1974-இல் காவிரி. அக்காவிரி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று நிலைகளில், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் மின்விசையால் ஏற்றப்படுகிறது. மண்டியா நெல்லும் காவிரியில் விளைவதே. ஒரு கிலோ அரிசிக்கு மழையும் பாசனமும் சேர்ந்து சராசரி 2,500 லிட்டர் நீர் செல்லும் என்பது நெல்லாராய்ச்சியாளர் கணக்கு. எனவே உலையரிசியும் காவிரி, உலைநீரும் காவிரி. 1991-ஆம் ஆண்டுக் கலவரத்தை மறவாத பெற்றோர் பிள்ளைகள் முன் அவ்வாற்றின் பெயரை எடுக்கவே தயங்குவர். அத்தயக்கம் புரிகிறது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. வீட்டில் சோற்றுத் தட்டின்முன் அறியாத பிள்ளை, தெருக்கூச்சலிலிருந்து அன்றோ காவிரியை அறியும்?

நீரின் மறுபாதியையும் சொல்லவேண்டும். நாம் அரிசி களைந்து ஊற்றும் நீர் பெல்லந்தூர் ஏரிப்பக்கம் ஓடுகிறது. 2015-லும் 2017-லும் தீப்பற்றிய ஏரி அது. 2018 முதல் இப்பள்ளத்தாக்கின் கழிவுநீரில் ஒரு பங்கு சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குச் செல்கிறது. அச்சுத்திகரிப்புப் போதுமா என்ற வழக்கும் உண்டு. கோலார்த் தக்காளியோ நம் சந்தைக்கே வருகிறது.

எஞ்சிய நீர் வர்த்தூர் ஏரி கடந்து தென்பெண்ணையிற் கலந்து, எல்லை தாண்டி, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பலமுறை நுரைபொங்க நின்றிருக்கிறது. அந்நீரைப் பாய்ச்சி அங்கு உழுவோர் நம்மிற் சிலருக்கு உறவினர்.