காலாப்பட்டு: ஈசிஆர்ல ஒரு பழைய பன்னாட்டு எல்லை

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி பக்கத்துல இருக்கிற அனந்தபுரம். கடல் பார்க்கணும்னா நாங்க கிளம்புறது பாண்டிச்சேரிக்குத்தான். ஒரு தடவை அங்கிருந்து ஈசிஆர் வழியா பைக்ல சென்னைக்குப் போனப்ப ஒரு விஷயம் கவனிச்சேன். முத்தியால்பேட்டை தாண்டினா கோட்டக்குப்பம், தமிழ்நாடு வந்தாச்சு. பொம்மையார்பாளையம் வரைக்கும் தமிழ்நாடுதான். அப்புறம் பார்த்தா மறுபடியும் புதுச்சேரி! பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம். அதைத் தாண்டினா திரும்பத் தமிழ்நாடு.

இன்னைக்கு நமக்கு இதுல தெரியுறது வண்டி நம்பரும் ஒயின்ஷாப் போர்டும்தான். ஆனா 1954 வரைக்கும் இது ரெண்டு நாடுகளுக்கு நடுவுல இருந்த எல்லை. காலாப்பட்டு மாதிரி ஒரு மீனவ ஊருக்கு ஒரு பக்கம் கடல், மத்த மூணு பக்கமும் இன்னொரு நாடு.

இப்படி ஒரு வரைபடத்தை யார் போட்டாங்க? உட்கார்ந்து திட்டம் போட்டு யாரும் போடலை. பிரெஞ்சுக்காரங்களுக்குப் பல ஆட்சியாளர்கள், பல காலத்துல, கொஞ்சம் கொஞ்சமா கிராமங்களைக் கொடுத்தாங்க. இதுல எங்க செஞ்சிக்கும் பங்கு உண்டு. 1690களில் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையிலிருந்து ஆட்சி செய்தப்ப, பாண்டிச்சேரியை டச்சுக்காரங்களுக்கு விற்றார். 1693-இல் டச்சுப் படை வந்து ஊரைப் பிடித்தது. ஐரோப்பாவில் 1697-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகுதான் ஊர் பிரெஞ்சுக்காரங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

1761-இல் பாண்டிச்சேரியும் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அதுக்கப்புறமும் பாண்டிச்சேரி பலமுறை கைமாறியது. கடைசியா 1814 பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரான்சுக்குத் திரும்பக் கொடுத்தாங்க, ஆனா கோட்டை கட்டக் கூடாதுன்னு நிபந்தனையோட. பழைய துண்டு துண்டான கிராமங்கள் அப்படியே நின்னுடுச்சு. நம்ம ஆபீஸ்ல யாரும் தொடப் பயப்படுற பழைய கோட் மாதிரி.

இந்தக் கோடு சிலரைக் காப்பாற்றியது. 1908-இல் கைதுக்குத் தப்பிப் பாரதி வந்து சேர்ந்தது பாண்டிச்சேரிக்குத்தான். பத்து வருஷம் கழிச்சு, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் பக்கத்தில் கைது செய்தார்கள். ஊரும் மொழியும் ஒன்றுதான், சட்டம்தான் வேற.

சாதாரண மக்களுக்கு எல்லை உறைக்க ஆரம்பிச்சது சுதந்திரத்துக்குப் பிறகு. 1941-இல் ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏற்படுத்தின சுங்க ஒன்றியம் 1949-இல் முடிவுக்கு வந்தது. எல்லையில் சோதனை அதிகமானது. 1954-இல் கெடுபிடி இன்னும் இறுகியது. வரைபடத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க: காலாப்பட்டுக்காரர் தரைவழியா பாண்டி டவுனுக்குப் போகணும்னா நடுவுல இந்தியாவைக் கடந்தாகணும்!

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினாங்க. 170 பேர் இந்தியாவோட இணைய வாக்களிச்சாங்க, 8 பேர் எதிர்த்தாங்க. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஆனா சட்டப்படி முழுசா மாற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் கதையோட முக்கியமான இடம் வருது. அந்த உடன்படிக்கைப்படி, பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஆறு மாதம் அவகாசம். பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா எழுதிக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா இந்தியக் குடிமகன். புதுச்சேரியில் இன்னைக்கும் பிரான்ஸ் தேர்தலில் ஓட்டுப் போடுறவங்க இருக்கிறதுக்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

கொஞ்சம் தள்ளி பொம்மையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வியே வரலை. அதே கடல், அதே வலை, அதே பேச்சு. எப்பவோ யாரோ ஒரு கிராமத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்தது, பேரப்பிள்ளைகள் பாஸ்போர்ட் வரைக்கும் வந்து நின்னுச்சு.

எல்லைன்னா முள்வேலி, ராணுவம்னுதான் நாம நினைக்கிறோம். அடுத்த தடவை ஈசிஆர்ல போறப்ப, காலாப்பட்டுல டீ குடிக்க வண்டியை நிறுத்தினா, ஒரு நிமிஷம் ரோட்டைத் திரும்பிப் பாருங்க. நீங்க இப்போ சும்மா கடந்து வந்தது, ஒரு காலத்துல ரெண்டு நாடு.