கண்ணாடி விரியன் கொடுத்த கத்தரிக்கோல்

மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கியிருப்பீர்கள். அதே வளாகத்தில் மண்பானைகளில் பாம்புகளை வைத்து விஷம் எடுப்பதையும் சிலர் பார்த்திருக்கலாம். அந்த விஷத்துக்கும், ஆய்வகத்து ஃப்ரீசரில் இருக்கும் மனிதப் புரதத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதலில் வார்டு. கண்ணாடி விரியன் கடித்து ஒருத்தர் வந்தால் நாங்கள் தேடுவது ஸ்கேன் மெஷினை அல்ல, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயை. 2 மில்லி ரத்தத்தை அதில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் கொஞ்சம் நிம்மதி. தண்ணியா ஓடினால், விஷம் ஏறியிருக்கு.

ஏன் ஓடுது? ரத்தம் உறைய உதவும் காரணிகளுக்கு எண்கள் உண்டு. பத்தாம் காரணி சாதாரணமாகத் தூங்கிக் கொண்டிருக்கும். விரியன் விஷத்தில் உள்ள ஒரு நொதி அதை நேரடியாகத் தட்டி எழுப்பிவிடும். உடம்பு முழுக்க உறைதல் தேவையில்லாமல் நடந்து, கையிருப்பு காலி. காலையிலேயே மாவு தீர்ந்துபோன இட்லிக் கடை மாதிரி. அப்புறம் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வந்தாலும் நிறுத்த ஆளில்லை.

இந்தப் பாம்பின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ரஸ்ஸலும் ஒரு டாக்டர்தான். பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர். சோழமண்டலக் கடற்கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-ல் புத்தகம் போட்டார். நம்ம வயக்காட்டு ஜனங்களுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

1934-ல் லண்டனில் மெக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவர், நீர்த்த விரியன் விஷம் ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தைக்கூட நொடிகளில் உறைய வைப்பதைக் காட்டினார். பல் பிடுங்கிய இடத்தில் வைக்கும் மருந்தாகவே அது விற்பனைக்கு வந்தது. அவர்களிடம் இல்லாத எட்டாம் காரணியைத் தாண்டிப் போய் பத்தாம் காரணியை விஷம் எழுப்புகிறது என்ற விளக்கம் பின்னால்தான் கிடைத்தது.

சரி, இதில் மனிதப் புரதம் எங்கே வருது?

1970களின் கடைசியில் மனித ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து நம் புரதத்தை அதிடம் செய்து வாங்கக் கற்றுக்கொண்டார்கள். இன்சுலின் வந்தது அப்படித்தான். ஆனால் பல புரதங்கள் தனியாகச் சரியாக உருவாகாது. கூட ஒரு ஒட்டுத்துண்டு வேண்டும். உருவான பிறகு அந்த ஒட்டைச் சரியான இடத்தில் வெட்டியும் எடுக்க வேண்டும். எதை வைத்து வெட்டுவது?

1984-ல் கேம்பிரிட்ஜில் நகாய், தோகர்சன் இருவரும் வழி சொன்னார்கள். விழித்தெழுந்த பத்தாம் காரணியே ஒரு கத்தரிக்கோல். குறிப்பிட்ட நாலு அமினோ அமில வரிசையைப் பார்த்தால் அதன் முடிவில் வெட்டும். மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை அவர்கள் இப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். சேர்த்த ஒட்டு, ஒரு வைரஸின் படியெடுத்தல் காரணியிலிருந்து எடுத்த துண்டு.

படியெடுத்தல் காரணி என்றால் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று தீர்மானிக்கும் புரதம். 1979-ல் கண்டறியப்பட்ட பி53 அந்த வகை. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அது பழுதாகியிருக்கும். இப்படிப்பட்ட மனிதக் காரணிகளையும் பாக்டீரியாவில் செய்து ஆராய்கிறார்கள். ஒட்டு வெட்ட இன்று வேறு கத்தரிகளும் வந்துவிட்டன. ஆனால் பத்தாம் காரணிக் கத்தரி இன்னும் விற்பனையில் இருக்கு. மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்து, கண்ணாடி விரியன் விஷத்தின் நொதியால் எழுப்பப்பட்டது!

ஆக, வார்டில் என் நோயாளியைக் கொல்லப் பார்க்கும் அதே நொதிதான் ஆய்வகத்தில் கத்தரியைத் தீட்டிக் கொடுக்குது.

இப்போ வடநெம்மேலிக்குத் திரும்புவோம். பாம்புத்தோல் வியாபாரத்தை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பு 1972 வனவிலங்குச் சட்டத்தோடும், அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையோடும் போனது. 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்துதான் போகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். சந்தோஷம். ஆனால் அந்த மருந்து ஊசியில் அவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது.

இன்னொரு கணக்கு: இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம். வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள். விரியன் விஷத்தை ஆய்வகக் கருவியாக்கிய அறிவியல், கடிபட்டவருக்கு இன்னும் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த முறிவு மருந்தைத்தான் கொடுக்கிறது. 1890களில் வந்த வழி அது. உயிர் காக்கும் மருந்துதான், சந்தேகமே வேண்டாம். நேரத்துக்கு வந்து சேரணும், அவ்வளவுதான்.

அதனால் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, பாம்பைத் தேடிப் போகாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க. கண்ணாடிக் குழாயோட நாங்க இருக்கோம்.