பொதுச்சுவர்

வெளியூர் விருந்தாளி வந்தால் புதுச்சேரிக்காரர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். காந்தி சிலையைக் காட்டுகிறோம். அப்படியே தூமாஸ் வீதி, ரோமன் ரோலன் வீதி என்று ஒரு சுற்று. மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பின்னால் தெரிய ஒரு போட்டோ. வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் சாப்பிடவோ, நேரு வீதியில் துணி எடுக்கவோதான்.

சென்ற மாதம் என் பேரன் வந்திருந்தான். சென்னையில் கட்டடக்கலை படிக்கிறான். "தாத்தா, பிரெஞ்சு வீடெல்லாம் பார்த்தாச்சு. நம்ம வீடு எங்க இருந்துச்சு, அதைக் காட்டுங்க" என்றான். நான் கொஞ்சம் தயங்கினேன். தயக்கத்துக்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். முதலில் வைசியாள் வீதிக்குக் கூட்டிப் போனேன்.

நம் ஊரின் நேர்கோட்டுத் தெருக்களைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டுகிறோம். அதில் டச்சுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து ஊன்றினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து ஆறு வருடம் வைத்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டது போன்ற தெருக்களுக்கு வரைபடம் தயாரித்தவர்கள் அவர்கள். 1699இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒழுங்கை விடாமல் தொடர்ந்தார்கள். நடுவே வடக்கு தெற்காக ஒரு வாய்க்கால். கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். அந்தப் பெயர்களை இன்று கேட்டால் சங்கடமாக இருக்கிறது. ஆனால் வரைபடங்களில் அப்படித்தான் எழுதினார்கள்.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765இல் ஊர் திரும்ப பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு, ழான் லா தெ லொரிஸ்தோன் கவர்னராக இருந்து பழைய தெருக்களின் மேலேயே மறுபடி கட்ட ஏற்பாடு செய்தார். ஆகவே இன்று நாம் பார்க்கும் வெள்ளை நகரத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை.

அதற்கு முந்திய வீடு ஒன்று வேண்டுமென்றால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தான் வரவேண்டும். பெரிய மார்க்கெட்டை ஒட்டி, அவர் பெயரிலேயே உள்ள வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1730களைச் சேர்ந்தது. துப்ளேக்சுக்கு துபாஷியாக இருந்தவர். 1736 முதல் தினப்படி குறிப்பு எழுதிவந்தவர். 1761 ஜனவரி 12ஆம் தேதி காலமானார். சில நாட்களில் ஊர் விழுந்தது. வீடு மட்டும் நிற்கிறது. கீழே முற்றத்தைச் சுற்றி நம் ஊர் மரத் தூண்கள், மேலே சுண்ணாம்பு பூசிய ஐரோப்பியத் தூண்கள். அவர் செய்த உத்தியோகத்தையே அந்த வீடும் செய்கிறது என்று எனக்குத் தோன்றும். ஒரு மொழியைக் கேட்டு இன்னொரு மொழியில் சொல்வது.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை நகரத்து வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. சின்ன வயதில் நாங்கள் அந்த மதில்களைத் தடவிக்கொண்டேதான் கடற்கரைக்குப் போவோம்.

நம் வீடு நேர் எதிர். முதலில் தாழ்வாரம். தெரு ஓரத்து நடைபாதை மேல் சாய்வாக இறக்கிய ஓட்டுக்கூரை, அதைத் தாங்க மரத்தூண்கள். அது வீட்டுக்காரர் செலவில் கட்டியது, ஆனால் நடந்து போகிற யாருக்கும் நிழல். அடுத்தது திண்ணை. அது வீட்டுக்காரருக்குப் பாதி, ஊருக்குப் பாதி. பிறகு கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், பின்கட்டு, கிணறு. வீட்டின் முதல் இரண்டு அங்கங்களும் வெளியாருக்கு என்று ஒதுக்கிவிட்டுத்தான் நம் முன்னோர்கள் கதவையே வைத்தார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த வீடுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. இந்த வீட்டுச் சுவரும் அந்த வீட்டுச் சுவரும் ஒன்றே. பிரெஞ்சுப் பத்திரங்களில் இதற்கு 'மித்துவாயேன்' சுவர் என்று பெயர். நாம் பொதுச்சுவர் என்போம். தாழ்வாரமும் அப்படியே, ஒரு வீட்டுக் கூரை முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுக் கூரை தொடங்கும். ஐப்பசி மழையில் குடை இல்லாமல் எங்கள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நான் நனையாமல் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

கட்டிய விதத்தையும் பேரனுக்குச் சொன்னேன். செங்கல்லும் சுண்ணாம்பும்தான். மாடிக்கு தேக்கு அல்லது வேறு உறுதியான மரத்தில் நெருக்கமாகக் கட்டைகள் போட்டு, அதன் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குவாட்டில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். நாள்கணக்கில் தட்டுவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். எங்கள் எதிர்வீட்டு மாடியை அப்படித் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரம் ஏறும், வெயிலில் ஆறும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியாக ஆரம்பிக்கும். நம்மில் பலர் வீட்டை நன்றாக வைத்துக்கொள்வதாக நினைத்துச் செய்த கெடுதல் இது. 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளின் பிறப்பைப் பதிய நாம் ஏறிய படிகள்! பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக்கட்டடம்.

வைசியாள் வீதிக்கு வருவோம். அதற்கு கல்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றும் பெயர். அவர் பெயரைத் தாங்கிய பள்ளியை மிஷன் வீதியில் எல்லோரும் அறிவோம். 2000க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பிரான்சின் வில்நேவ் சுர் லோத், இத்தாலியின் உர்பீனோ ஆகிய இரண்டு நகரங்களும் நம் ஊரும் சேர்ந்து செய்த வேலைகளில் ஒன்று இந்தத் தெரு. இன்டாக் அமைப்பினர் முன்னின்று செய்தார்கள். செலவில் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் இதற்கும் ஒன்று கிடைத்தது.

விருது கிடைத்ததை விட, வேலை செய்த முறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தெருவில் மிக அழகான வீடு எது என்று தேடி அதற்கு மட்டும் வெள்ளையடிக்கவில்லை. தெரு முழுவதையும் ஒரே வீடாக எடுத்துக்கொண்டார்கள். தாழ்வாரம் போன இடத்தில் தாழ்வாரம், திண்ணையை இடித்த இடத்தில் திண்ணை. கீழே மரத்தூணும் மேலே வளைவுச் சன்னலும் கைப்பிடிச்சுவருமாக, தமிழும் பிரெஞ்சும் கலந்த மாடி வீடுகள் மறுபடி வரிசைக்கு வந்தன. பேரன் தெருவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். "தாத்தா, இங்க எந்த வீடும் தனியா அழகா இல்ல. சேர்ந்துதான் அழகா இருக்கு" என்றான். படிப்பு வீண்போகவில்லை.

பிறகுதான் எங்கள் தெருவுக்குப் போனோம். பெருமாள் கோயில் வீதிக்குப் பக்கம்.

எங்கள் வீடு என் தாத்தா வாங்கியது. நொத்தேர் முன்னிலையில் பிரெஞ்சில் எழுதிய பத்திரம். பிரெஞ்சுக்காரர் காலத்து நம் ஊர் வழக்கப்படி அப்பா உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுவதும் அவருடையது. பிறந்ததனாலேயே மகனுக்குப் பங்கு கிடையாது. பாகப்பிரிவினை கேட்டு யாரும் அப்பாவின் முன்னால் நிற்க முடியாது. 1963 அக்டோபரில் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கேயும் வந்தது. பெண்களுக்கும் பங்கு என்றது. நியாயமான சட்டம். என் தங்கைக்கு உரியது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு முற்றத்தை நான்காகப் பிரிப்பது எப்படி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதோடு இன்னொன்று. 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் பலர் பிரான்சுக்குப் போனார்கள், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு. நம் தெருக்களில் பூட்டியே கிடந்து ஆலங்கன்று முளைத்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பேன். வீடு பாழாவதற்கு வீட்டுக்காரர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை, தூரத்தில் இருந்தாலே போதும்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஆபீசில் பழைய பிரெஞ்சுத் தஸ்தாவேஜுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றித் தரும் வேலை என் மேசைக்கு வந்துவிடும். தெரிந்தவர்கள் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டுவருவார்கள். காசு வாங்கியதில்லை. காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். இன்ன திசையில் இன்னார் வீடு, இடையே பொதுச்சுவர், தெருப்பக்கம் தாழ்வாரம் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பத்திரங்களை எத்தனை பேருக்கு மொழிபெயர்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மொழிபெயர்ப்பு எதற்கு? பெரும்பாலும் விற்பதற்கு. வாங்கியவர் எதற்கு வாங்கினார்? பெரும்பாலும் இடிப்பதற்கு. நான் எழுதிக் கொடுத்த வீடுகளில் இன்று நிற்பவை சொற்பம்.

1996இல் எங்கள் பத்திரத்தையும் நானே மொழிபெயர்த்தேன். அப்பா போய் ஏழு வருடம். நாங்கள் நான்கு பேர். ஒரு தம்பி பிரான்சில், ஒரு தம்பி பெங்களூரில், தங்கை கடலூரில். மூத்தவன் நான்தான் ஊரில் இருந்தேன். மூவருக்கும் பங்குக் காசு கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ள ஒரு கிளார்க் சம்பளத்தில் முடியாது. முடியாது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வங்கியில் கடன் கேட்டுப் பார்த்திருக்கலாம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கலாம். ஒழுகும் கூரையோடு மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை. கக்கூசும் குளியலறையும் உள்ளேயே இருக்கும் ஃபிளாட் ஒன்று என் மனைவிக்கும் எனக்கும் வேண்டியிருந்தது. அதுதான் நிஜம்.

பத்திரம் பதிந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வித்துட்டியாமே?"

"ஆமாம் பெரியம்மா."

"வாங்குனவரு இடிப்பாரா?"

"அப்படித்தான் சொல்றார்."

"உங்க வீட்ட இடிச்சா என் செவுத்த யாருப்பா தாங்குறது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பொதுச்சுவர் என்ற சொல்லை ஒரு வாரம் முன்புதான் சுத்தமான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

இடித்தபோது அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. முட்டுக்கொடுத்து இரண்டு வருடம் இருந்தார்கள். அந்த அம்மா போன பிறகு அவர்களும் விற்றார்கள். பிறகு அதற்கு அடுத்த வீடு. இப்போது எங்கள் வரிசையில் நான்கு அடுக்குமாடிகள். தாழ்வாரம் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். மழை வந்தால் தெருவில் போகிறவர்கள் ஓடுகிறார்கள்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். எதிர்சாரியில் மட்டும் பழைய வீடு ஒன்று மீதி இருக்கிறது. தாழ்வாரத் தூணைத் தொட்டுப் பார்த்தான். "இது தேக்கா தாத்தா?" என்றான். தெரியாது என்றேன். உள்ளேயிருந்து வந்த அம்மாள், யார் என்று விசாரித்துவிட்டு, "உட்காருங்க, வெயில் தாழப் போகலாம்" என்று திண்ணையைக் காட்டினார். முற்றத்துக் கூரையைச் சரிசெய்ய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார். பேரன் உடனே தன் பேராசிரியரைக் கேட்டுச் சொல்வதாக நம்பர் வாங்கிக்கொண்டான்.

இதைப் படிப்பவர்களில் இன்னும் பழைய வீட்டில் இருப்பவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு வார்த்தை. விற்காதீர்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் முடிவு செய்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள். அண்ணன் தம்பிகளோடு மட்டும் பேசி முடிவெடுத்தேன் நான். சுவரில் பங்குள்ளவரிடம் கேட்கவில்லை.