குலுக்கிய கை: கண்ணாடிக் கோளத்திலிருந்து கணினித் திரைக்கு

பனி பெய்து நான் பார்த்ததில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு முன்பனி, பின்பனி இரண்டும் தெரியும். ஆனால் தொல்காப்பியம் சொல்லும் பனி புல்நுனியில் உட்காருகிற ஈரம். வெள்ளைத் துகளாக இறங்கித் தரையை மூடுகிற அந்த இன்னொன்றுக்கும் இதே சொல்லைத்தான் நாம் கடன் கொடுத்திருக்கிறோம். அதை நான் கண்டதெல்லாம் சினிமாவிலும், பரிசுப்பொருள் கடையில் இருக்கும் 'ஸ்னோ குளோப்' என்கிற கண்ணாடி உருண்டைக்குள்ளும்தான். சென்ற டிசம்பரில் அதை நானே செய்ய வேண்டியதாயிற்று. மாலை நேரங்களில் மெய்ப்புப் பார்க்கப் போகும் டிடிபி கடைக்கு ஒரு பேக்கரியிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து கேட்டு வந்திருந்தார்கள். 'கண்ணாடிக் குண்டு, உள்ள ஒரு சர்ச், பனி விழுந்துகிட்டே இருக்கணும். ஜிஃப்பா குடுத்துரு தம்பி' என்றார் கடைக்கார அண்ணன். 200 பிக்செல் அகலம், 200 பிக்செல் உயரம். மூன்று ராத்திரி பிடித்தது. ஒரு பண்டம் எப்படித் தன் வரலாற்றை மறைத்துக்கொண்டு நம் மேசைக்கு வருகிறது என்று யோசிக்க அந்த மூன்று ராத்திரி போதுமானதாக இருந்தது.

பனிக்கோளத்தின் பிறப்புக் கதையாக எல்லோரும் சொல்வது வியன்னா கதை. 1900ஆம் ஆண்டு. எர்வின் பெர்ஸி என்ற அறுவைச் சிகிச்சைக் கருவி மெக்கானிக். எடிசன் பல்பின் மங்கலான வெளிச்சம் அறுவைக் கூடத்துக்குப் போதவில்லை. அதைக் கூட்டித் தர வேண்டும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை பல்புக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறார். வெளிச்சம் குவிகிறது, ஆனால் சின்ன வட்டமாக. ஒளியைச் சிதறடிக்க உள்ளே மினுக்கும் துகள்களைப் போடுகிறார். அவை சட்டென்று அடியில் படிந்துவிடுகின்றன. அடுத்து சமையலறையிலிருந்து ரவையை எடுத்துப் போடுகிறார். (ஆம், நம் உப்புமா ரவையின் சொந்தக்காரன்தான்.) ரவை மெல்ல மெல்ல இறங்குகிறது. விளக்குக்கு அது பிரயோஜனப்படவில்லை. ஆனால் பார்ப்பதற்குப் பனி பெய்வது போல இருந்தது. மரியாட்செல் என்ற யாத்திரைத் தலத்தின் தேவாலயத்தைச் சிறிய ஈய வார்ப்பாகச் செய்து உள்ளே வைத்தார். வெளிச்சத்தின் தோல்வி ஒரு நினைவுப்பொருளாயிற்று.

குடும்பம் சொல்லிவரும் கதை இது. இன்றும் வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் அதே குடும்பம்தான் பட்டறையை நடத்துகிறது. கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1878இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் போய்வந்த அமெரிக்கப் பிரதிநிதிகளின் அறிக்கையில் ஒரு காகிதப்பாரத்தைப் பற்றிய குறிப்பு உண்டு: தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை, உள்ளே குடை பிடித்த ஒரு மனிதன், கவிழ்த்துப் பிடித்தால் வெள்ளைத் தூள் பனிப்புயல் போல விழும். ஆக, பெர்ஸிக்கு 22 வருஷம் முன்பே சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது. 'கண்டுபிடித்தவர்' என்கிற கதையாடல் எப்போதும் இப்படித்தான். பட்டறையில் பெயரில்லாமல் வேலை பார்த்தவனைத் துடைத்துவிட்டு ஒரு பெயரை மேலே எழுதும். குடைக்காரனைச் செய்தது யார் என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் வியன்னா கதைக்குள் ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. தண்ணீர் உருண்டை பற்றிய யோசனை பெர்ஸிக்கு எங்கிருந்து வந்தது? செருப்புத் தைக்கும் தொழிலாளிகளிடமிருந்து. ஜெர்மன் மொழியில் அந்த உருண்டைக்குப் பெயரே 'ஷூஸ்டர்குகல்', அதாவது செருப்புத் தைப்பவரின் உருண்டை. மெழுகுவர்த்திக்கும் கைக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய கண்ணாடியை வைத்தால் அது லென்ஸாகி, ஊசி இறங்கும் இடத்தில் வெளிச்சத்தைக் குவிக்கும். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களில் லேஸ் பின்னிய பெண்களிடமும் இதே ஏற்பாடு இருந்தது. நடுவில் உயரமான முக்காலி, அதன்மேல் ஒற்றை மெழுகுவர்த்தி, அதைச் சுற்றித் தண்ணீர்க் குடுவைகள், குடுவைகளைச் சுற்றி வரிசை வரிசையாகப் பெண்கள். நன்றாகப் பின்னுகிறவர்களுக்கு முதல் வரிசை; அதற்கு 'முதல் வெளிச்சம்' என்று பெயர். அப்புறம் இரண்டாம் வெளிச்சம், மூன்றாம் வெளிச்சம். ஒரு மெழுகுவர்த்தியின் செலவை அத்தனை பேர் கண்களுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். கடைசி வரிசைக்காரியின் கண் எத்தனை வருஷம் தாங்கியிருக்கும்? தெளிவாக இருக்கும் என்பதற்காக, குடுவைக்குப் பனியை உருக்கிய தண்ணீரையே விரும்பினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ரவை வருவதற்கு முன்பே கண்ணாடிக்குள் பனி இருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பனியாக.

மரியாட்செல் தேவாலயம் உள்ளே போனபோது நடந்ததை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வேலைக்கு வெளிச்சம் தந்த உருண்டை, வேலை முடிந்த கையில் உட்காரும் அலங்காரமானது. ஊசி பிடித்த கை போய், குலுக்குகிற கை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெர்ஸியின் மகன் காலத்தில் கிறிஸ்துமஸ் மரம், பனி மனிதன் எல்லாம் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறின. பிளாஸ்டிக் வந்தது, விலை விழுந்தது. இதையெல்லாம் விரிக்கப் போவதில்லை. எந்தப் பண்டத்தின் கதையிலும் இந்த அத்தியாயம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

குலுக்குகிற கையை விட்டுவிட முடியாது. 1941இல் வந்த ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்தில் சாகிற மனிதனின் கையிலிருந்து உருண்டு விழுந்து உடைவது ஒரு பனிக்கோளம். படம் பிடித்துக்கொண்டது சரியான இடத்தை: கை தளர்ந்தால் பனி கிடையாது. வால்டர் பெஞ்சமினுக்கு மிகப் பிடித்த பொருட்களில், குலுக்கினால் நிலக்காட்சியின் மேல் பனி விழும் கண்ணாடி உருண்டைகளும் உண்டு என்று 1950இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அடோர்னோ சொல்கிறார். உறைந்துபோன பொருளுக்குள் உயிரைத் தேடிய மனிதருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. உறைந்த உலகம், ஒரு கை, கொஞ்ச நேர அசைவு, மறுபடி உறைதல். பெர்ஸி பட்டறையின் பனி இரண்டு நிமிடம் வரை மிதக்கும் என்பார்கள். அது என்ன சேர்மானம் என்பது குடும்ப ரகசியம்.

சரி, என் திரைக்கு வருவோம். நான் பயன்படுத்தியது ஜிம்ப். காசு கொடுக்க வேண்டாத மென்பொருள், 1990களின் நடுவில் பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கியது. தேவாலயப் படத்தை வட்டமாக வெட்டி, லென்ஸ் ஃபில்டரைப் போட்டுக் குவிய வைத்தேன். நிஜக் கோளத்தில் தண்ணீர் இலவசமாகச் செய்கிற வேலை அது. மேலே இடது பக்கம் ஒரு வெள்ளைத் தீற்றல். அது விழுந்ததும் தட்டை வட்டம் கண்ணாடியாகிவிடுகிறது. பனிக்குத் தனி லேயர். அதில் 'நாய்ஸ்', அதாவது இரைச்சல் புள்ளிகளைத் தூவி, பெரும்பாலானவற்றை அழித்துச் சிலவற்றை மட்டும் வெள்ளையாக விட வேண்டும். மென்பொருள் பனியை இரைச்சல் என்ற பெயரில்தான் வைத்திருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

கஷ்டம் அடுத்த கட்டத்தில். பனி லேயரை 'ஆஃப்செட்' கட்டளையால் கீழே தள்ளினால், அடியில் வெளியேறிய புள்ளி உச்சியில் மறுபடி நுழையும். 20 ஃபிரேம்கள். பக்கத்துப் பனி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 பிக்செல் இறங்குகிறது, தூரத்துப் பனி 10 பிக்செல். 200 பிக்செல் உயரத்தில் முன்னது இரண்டு சுற்று, பின்னது ஒரு சுற்று முடித்து, இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து நிற்கும். கணக்கு வகுபடாவிட்டால் பனி ஒருமுறை துள்ளும். பார்ப்பவனுக்கு 'முடிவு' தெரிந்துபோகும். முடிவை மறைப்பதுதான் இந்தக் கலையின் சாரம். லேயர் பெயரில் 100 மில்லிசெகண்ட் என்று எழுதினால் மொத்தம் 2 செகண்ட் பனி. பெர்ஸியின் இரண்டு நிமிடத்துக்கு 1200 ஃபிரேம் வரைய வேண்டும். எந்த பேக்கரியும் அதற்குக் காசு தராது.

ஜிஃப் 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம். 256 நிறம்தான். அரைத் தெளிவு என்பதே அதற்குத் தெரியாது. ஒரு புள்ளி இருக்கும், அல்லது இருக்காது. ஆகவே கண்ணாடியை அதனால் காட்ட முடியாது, பாவனை செய்யத்தான் முடியும். 1989இல் வந்த திருத்தப் பதிப்பில் ஃபிரேம்களுக்கு இடையே காத்திருக்கும் நேரம் சேர்ந்தது. கூடவே, இது அசைவுப்படத்துக்கான தளமல்ல என்ற எச்சரிக்கையும் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. யார் கேட்டார்கள்? நெட்ஸ்கேப் உலாவியின் 2.0 பதிப்பு, ஓடி முடிந்த படத்தை மறுபடி ஓட்டும் ஒரு சின்னத் துண்டைக் கோப்புக்குள் சேர்த்தது. எத்தனை முறை ஓட வேண்டும் என்று அதில் ஓர் எண் வரும். பூஜ்யம் போட்டால் முடிவே கிடையாது. அந்த உலாவிக்கான ஆதரவு 2008இல் நிறுத்தப்பட்டது. ஆனால் முடிவில்லாமல் சுழலும் ஜிஃப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 'நெட்ஸ்கேப் 2.0' என்ற எழுத்துகள் இன்றும் கிடக்கின்றன. என் பேக்கரிப் பனிக்குள்ளும் கிடக்கின்றன.

பனிக்குச் சொந்தக்காரன் யார் என்ற சண்டையும் இங்கே நடந்திருக்கிறது. ஜிஃப்பைச் சுருக்கி வைக்கும் எல்.இஸட்.டபிள்யூ. முறைக்குக் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 டிசம்பரில், ஜிஃப் செய்யும் மென்பொருள்காரர்கள் காசு கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். அதற்குள் அந்த வடிவம் எங்கும் பரவிவிட்டிருந்தது. அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியானது 2003 ஜூனில். பெர்ஸி குடும்பம் ரகசியத்தைப் பூட்டி வைத்தது. இவர்கள் ஊரெல்லாம் இறைக்க விட்டு, பிறகு ரசீது நீட்டினார்கள்.

இந்த வரலாற்றில் எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. 1990களின் கடைசியிலும் அடுத்த சில வருஷங்களிலும் பெயிண்ட் ஷாப் ப்ரோ மென்பொருளையும் அதோடு வந்த அனிமேஷன் ஷாப்பையும் வைத்துக்கொண்டு, இம்மாதிரிப் பனிக்கோளங்களைச் செய்து, செய்முறையையும் படிப்படியாக எழுதி வைத்தவர்களில் பெண்கள் ஏராளம். தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல. வீட்டுவேலை முடிந்த பிறகு, குழந்தை தூங்கிய பிறகு செய்தவர்கள். சம்பளம் கிடையாது. 'வட்டத்தைத் தேர்ந்தெடு, 3 பிக்செல் சுருக்கு' என்கிற அந்த வாக்கியங்களை ஓர் எழுத்துவகையாக எந்த விமர்சகரும் எடுத்துக்கொண்டதாக நான் காணவில்லை. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அங்கே இருந்தவற்றில் நிறையப் போய்விட்டது. இரண்டாம், மூன்றாம் வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னிய பெண்களின் பெயர்களும் நம்மிடம் இல்லை.

கை அழிந்துவிட்டது என்று ஒப்பாரி வைக்க எனக்கு இஷ்டமில்லை. குலுக்குகிற கைதான் போயிற்று. செய்கிற கை ராத்திரி 12 மணிக்கு மவுஸைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறது. ஆனால் திரையில் விழும் பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறுத்தியது. இந்தப் பனி படிவதே இல்லை. தேவாலயக் கூரை 2 செகண்டுக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இத்தனை பெய்தும் ஒரு துளி வெள்ளை ஏறவில்லை.

மூன்றாம் ராத்திரி ஒரு காரியம் செய்தேன். இன்னும் 10 ஃபிரேம் வரைந்தேன். புள்ளிகள் குறைந்துகொண்டே வந்து, கூரையிலும் படிக்கட்டிலும் தங்கி, கடைசி ஃபிரேமில் வானம் காலி. ஏற்றுமதிப் பெட்டியில் 'எப்போதும் சுழற்று' என்பதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். காலையில் அண்ணன் திறந்து பார்த்தார். பனி பெய்தது, அடங்கியது, நின்றது. அவர் மவுஸை இரண்டு தட்டு தட்டினார்.

'தம்பி, நின்னு போச்சே. ஃபைல் கெட்டுப் போச்சா?'

'இல்லண்ணே, அப்படித்தான் செஞ்சிருக்கேன்.'

'அப்படியெல்லாம் நிக்கக் கூடாதுப்பா. காசு குடுக்கிறவன் என்ன நினைப்பான்?'

டிக்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். 300 ரூபாய் கிடைத்தது.