தானியம் இருந்தது, காசு இல்லை

இன்னைக்கு ஒரே கேள்விதான்: சந்தையில் தானியம் இருந்தும் மக்கள் பட்டினியால் சாக முடியுமா?

1874, பீகாரில் பஞ்சம். பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் டெம்பிள், பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வரவழைத்தார். பஞ்சச் சாவு மிகக் குறைவு. ஆனா அவருக்குக் கிடைச்சது, "இவ்வளவு செலவா?"ங்கிற திட்டுதான்.

1876, சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மாகாண அரசு தானே தானியம் வாங்கத் தொடங்கியது. வைஸ்ராய் லிட்டனின் அரசு அதை ஏற்கவில்லை. விலை ஏறினால் வியாபாரிகளே தானியம் கொண்டுவருவார்கள், அரசு நடுவில் புகுந்தால் ஒதுங்கிவிடுவார்கள் என்பது வாதம்.

நாம பாடத்துல படிச்ச லாஜிக்தான். ரயிலில் தானியம் வரவும் செய்தது. ஆனா வயல் காய்ஞ்சா கூலி வேலையும் போயிடும். காசில்லாதவர் பசி, சந்தைக் கணக்கில் 'தேவை' ஆகாது.

1877இல் சிக்கனம் பார்க்க இங்கே அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? அதே டெம்பிள். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு அவர் வைத்த நாள்கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலை, கூடக் கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டுன்னா அரை கிலோகூட இல்லை. பஞ்சம் முடிவதற்குள் பல லட்சம் பேர் செத்தார்கள்.

1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. பஞ்சத்தில் வேலையும் கூலியும் கொடுப்பது அரசின் பொறுப்பு என்று அவை எழுதிவைத்தன. அதாவது, முதல்ல மக்கள் கையில காசு.

அடுத்த முறை பறக்கும் ரயிலில் போனா, கீழே பக்கிங்காம் கால்வாயைப் பாருங்க. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, அந்தப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்கள் வெட்டியது.