பால் குறைந்த மாதங்களில் போட்டோக்கடை

மலாக்கா மாநிலத் தோட்டப்புறத் தமிழரை நம்பி நடந்த சிறிய போட்டோக்கடைகளுக்கு ஆண்டில் இருவகை மந்த காலங்கள் இருந்தன. ஒன்றைப் பஞ்சாங்கம் விதித்தது, மற்றொன்றைப் பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் விதித்தது. கல்யாணத்துக்கு ஆகாதவை என்று விலக்கப்பட்ட ஆடியும் மார்கழியும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களை முடக்கியது போலவே ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் வட்டாரக் கடைகளையும் முடக்கின. பால்மரம் விதித்த மந்தமோ தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாதது. ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலை முழுவதையும் கொட்டிப் புதுத் தளிர் விடும் இலையுதிர் காலம், ஆண்டின் முதல் மூன்று மாதங்களை ஒட்டிய வறண்ட வாரங்களில் வரும். அப்போது பால் சுரப்பு குறைவதால், நாட்கூலிக்கு மேல் பாலின் எடைக்கேற்பக் கிடைத்த தொகையும் சுருங்கிவிடும். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து வெட்டே நின்றுபோவதும் உண்டு. ஆகவே தையும் மாசியும் முகூர்த்த மாதங்களாகவே இருந்தாலும், பஞ்சாங்கம் திறந்துவிட்ட கதவைச் சம்பள நாள் பாதி மூடியே வைத்திருந்தது.

நகரத்துப் பெரிய ஸ்டூடியோக்களுக்கு இந்த நெருக்கடி அவ்வளவு கடுமையாக இல்லை. சீனர் கல்யாணம் செய்யத் தயங்கும் ஏழாம் சந்திர மாதம் பெரும்பாலும் ஆடியையும் ஆவணியையும் ஒட்டி வந்தபோதிலும், மலாய்க்காரர் திருமணங்கள் நின்றுபோகும் நோன்பு மாதம் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்ததால், மூன்று இனத்தாருக்கும் படம் பிடித்த கடை ஒரு நாட்காட்டியின் நட்டத்தை இன்னொரு நாட்காட்டியால் ஈடுகட்டிக்கொண்டது. தோட்டத்தை மட்டுமே நம்பிய கடைக்கு அந்த வசதி இல்லை. மந்த மாதங்களிலும் வாடகையும் படங்கழுவும் மருந்துச் செலவும் நின்றுவிடாத நிலையில், கல்யாணம் அல்லாத வேலைகளை அது தேடிப் போக வேண்டியிருந்தது. அந்த வேலைகள்தாம் பிற்கால ஆய்வாளருக்குக் கல்யாண ஆல்பங்களைவிடப் பயன்படுபவை என்று சொல்லலாம், ஏனெனில் கல்யாணப் படத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

அவ்வகை வேலைகளில் முதலாவது அடையாள அட்டைப் படமாகும். 1948 ஜூனில் மலாயாக் கூட்டரசில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையைப் பெற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அரசை எதிர்த்துக் காட்டில் இருந்த கொரில்லாக்களை ஊர்மக்களிடமிருந்து பிரித்தறிவதே இதன் நோக்கம் என்பதால், கொரில்லாக்கள் அட்டைகளைப் பிடுங்கி அழிப்பதையும் ஒரு போர்முறையாகக் கொண்டனர். கோவில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ கூட ஸ்டூடியோவுக்குள் காலெடுத்து வைத்திராத லயத்துப் பெண்கள் பலருக்கு வாய்த்த முதற்படம் இப்படி அரசாங்கத்தின் கட்டாயத்தால் வாய்த்ததே. தொலைந்த அட்டைக்கு மாற்று, வயது வந்த பிள்ளைக்குப் புதிய அட்டை, 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு, அது கிடைக்காமல் ஊர் திரும்பியோர்க்குக் கடப்பிதழ் என்று, முகூர்த்தம் பாராமல் வந்துகொண்டிருந்த படத்தேவைகள் போட்டோக்காரரின் ஆடி மாதத்துக்கு ஓரளவு கைகொடுத்தன.

இரண்டாவது வேலை அந்த அட்டைப் படத்திலிருந்தே பிறந்தது. தோட்டத்தில் ஒருவர் இறந்தால், மாலையிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு வீட்டாரிடம் இருந்தது பெரும்பாலும் விரல்நுனி அளவான அந்த ‘ஐ.சி.’ படம் ஒன்றுதான். அதைப் பலகையில் நேராகப் பொருத்தி, இரு பக்கமும் சாய்கோணத்தில் விளக்கு வைத்துப் பளபளப்பு விழாதபடி மறுபடம் எடுப்பார்கள். கழுவிய நெகடிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் புள்ளிபுள்ளியாகத் தொட்டு, கண்ணின் ஒளியையும் மூக்கின் விளிம்பையும் மீட்டெடுப்பார்கள். ‘டச்சிங்’ என்று தொழிலில் வழங்கிய இந்த வேலையில், நெகடிவில் பென்சில் கருமை ஏறிய இடம் தாளில் வெளுத்து விழும் என்பதால், கை சற்று அழுந்தினாலும் முகம் வேறு ஆளுடையதாகிவிடும். பிறகு பெரிதாக்கும் கருவியில் அச்சிட்டு, ஹைப்போ எனப்படும் நிலைநிறுத்தும் கரைசலிலிருந்து எடுத்து நன்கு அலசிக் காயவைத்த தாளின் மேல், கசங்கிய சட்டைக்குப் பதில் கோட்டும் டையும், வெறும் நெற்றியில் திருநீறும் தீட்டப்படும். தனித்தனியே எடுத்த இரு படங்களை ஒட்டி, ஒருபோதும் சேர்ந்து நின்று படம் பிடித்துக்கொள்ளாத கணவன் மனைவியை அருகருகே நிறுத்தித் தருவதும் வழக்கம். நாள்கணக்கில் பொறுமை கேட்கும் இவ்வேலையைக் கல்யாண நெரிசலில் எவரும் தொட முடியாது. சட்டம் போட்டுக் கண்ணாடி பொருத்தும் தொழிலையும் கடைகள் இதனோடு சேர்த்துக்கொண்டதால், சாமி படங்களும் இறந்தோர் படங்களும் ஒரே மேசையில் தயாராயின.

திருவிழா இன்னொரு வாய்ப்பாக இருந்தது. 1781இல் எழுந்த மலாக்கா பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு இரதம் செல்லும் மாசி மகம், இலையுதிர் காலத்தோடு ஏறத்தாழ ஒன்றிய நாளில் வருவது போட்டோக்காரருக்கு நல்வாய்ப்பே. பால் குறைந்த மாதமானாலும் காவடி எடுத்தவர் அதைப் படமாக வைத்துக்கொள்ள விரும்பினார். ஆடியிலும் இதே நிலைதான்: முகூர்த்தம் இல்லாத அம்மாதம் மாரியம்மன் கோவில்களுக்குக் கூழும் தீமிதியுமாகக் களைகட்டும் மாதம்.

கடைக்குள்ளும் வேலை இருந்தது. ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில் லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சணம் படர்வதும் நெகடிவ்கள் ஒட்டிக்கொள்வதும் இயல்பு என்பதால், மின்விளக்கு எரியும் மரப்பெட்டிக்குள் கருவிகளை வைத்து உலர்த்துவது, நெகடிவ்களை உறை மாற்றி எண்ணிட்டு அடுக்குவது, பின்னணித் திரைக்குப் புதிய வண்ணம் பூசுவது ஆகியவை மந்த காலத்துக்கென்றே ஒதுக்கப்பட்டன.

வண்ணப்பட ஆய்வுக்கூடங்கள் பெருகிய பின் இருட்டறை வேலை கடையை விட்டு வெளியேறியது. 2001இல் மைகார்டு என்னும் புதிய அடையாள அட்டை வந்து, அட்டைக்கான படத்தைப் பதிவுத்துறை முகப்பிலேயே எடுக்கும் முறை நிலைபெற்றபோது, ஆண்டு முழுவதும் சில்லறையாக வந்துகொண்டிருந்த வருமானமும் போயிற்று. இதற்கிடையே தோட்டங்களும் உருமாறின. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு இலையுதிர் காலம் கிடையாது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி, விலங்குத் தோட்டம், மாநில அரசின் தலைமையகம், பல்கலைக்கழக வளாகம் என்று மலாக்காவின் ஆயர் குரோ வட்டாரம் வளர, தோட்டம் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் மாதச் சம்பளக்காரராயினர். அவ்வகையில் மரம் விதித்த மந்தம் மறைந்தது. பஞ்சாங்கம் விதித்தது மறையவில்லை. இன்றும் ஆடி பிறந்தால் கல்யாண முன்பதிவு நின்றுவிடுவதால், படப்பிடிப்பாளர்கள் தேங்கிய ஆல்பங்களை முடிப்பதையும், பட்டமளிப்புப் படங்களுக்கு ஆள் பிடிப்பதையும், பூஞ்சணம் ஏறிய பழைய சுவர்ப்படங்களை வருடி எடுத்துக் கணினியில் சீர்செய்து தருவதையும் அம்மாதத்து வேலைகளாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சீர்செய்ய வரும் படங்களில் கோட்டும் டையும் தீட்டப்பட்ட அந்த ஐ.சி. முகங்களும் உண்டு.